நிலுவையில் இருந்த பவளம்

கடலுக்கு அடியில் பவளப்பாறை இருக்கிறது என்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டு பல வருடங்கள் ஆகிவிட்டன. அதற்கு முன்னாலும் அது அங்கேதான் இருந்தது. ஆனால் அதிகாரபூர்வமாக இல்லை. பிறகு சட்டம் வந்தது. பவளத்தைத் தொடக் கூடாது, உடைக்கக் கூடாது, எடுக்கக் கூடாது, விற்கக் கூடாது, அதன் மேல் நங்கூரம் போடக் கூடாது என்று சட்டம் வரிசையாகச் சொன்னது. பவளமும் பொதுமக்களை எதுவும் செய்யக் கூடாது என்று ஓர் உட்பிரிவு இருந்ததாகவும், அதை யாரோ பிறகு நீக்கியதாகவும் ஒரு பேச்சு உண்டு.

சட்டம் வந்தால் அலுவலகம் வர வேண்டும் அல்லவா, வந்தது. ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. அங்கே கடல் தெரிகிற ஜன்னல் ஒன்றே ஒன்று. அதை மறைத்து ஓர் இரும்பு பீரோவை நிறுத்தியிருந்தார்கள். பீரோவுக்குள் கடல் சம்பந்தமான கோப்புகள் எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்ததால் ஜன்னல் தேவைப்படவில்லை.

அலுவலகத்தின் தலைவர் இயக்குநர். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் போகப்போக உங்களுக்குச் சந்தேகம் வரும். அவருக்குத் தண்ணீர் ஆகாது. வாளியில் தண்ணீர் தளும்பினால்கூடத் தலை சுற்றி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அவருக்கு அடுத்தவர் கண்காணிப்பாளர். டீ வேண்டுமா என்று கேட்டால்கூட எந்தப் பிரிவின் கீழ் என்று கேட்கிறவர், அதனால் எல்லோரும் அவரைப் 'பிரிவு' என்றே கூப்பிட்டார்கள். மூன்றாவது ஆள் கள அலுவலர். தட்டச்சு நன்றாகத் தெரியும் என்பதற்காக வேலைக்கு எடுக்கப்பட்ட பெண். நீச்சலும் தெரியும் என்பது பிறகுதான் தெரியவந்தது. அதற்குள் பணி நிரந்தரமாகிவிட்டதால் யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்தச் சட்டத்தை எழுதியவரே இயக்குநர்தான். அப்போது அவருக்கு முடி கறுப்பாக இருந்தது. பவளப்பாறை கடலுக்கு அடியில் பிறை மாதிரி வளைந்து கிடந்தது. ஆனால் எல்லையை எழுதுகிற தாளில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு கட்டங்கள்தான் இருந்தன. வளைவுக்குக் கட்டம் இல்லை. அவர் ஸ்கேலை எடுத்து வரைபடத்தின் மேல் அழகாக ஒரு செவ்வகம் போட்டார். பிறையின் ஒரு நுனி செவ்வகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. "ஒரு நுனிதானே, விடுங்க" என்றார் அன்றைய மேலதிகாரி. விட்டார்.

செவ்வகத்துக்குள் பாதுகாப்பு தொடங்கியது. இது பாதுகாக்கப்பட்ட இடம் என்று படகுகளுக்குத் தெரிய வேண்டும், அதனால் மிதவைகள் விட்டார்கள். மிதவைகள் மிதந்து போய்விடக் கூடாது, அதனால் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கான்கிரீட் கட்டையைப் பவளத்தின் மேல் இறக்கினார்கள். தடைகளை எல்லாம் எழுதிய பெரிய பலகை ஒன்றைக் கடலுக்கு நடுவே நாட்டினார்கள், அதைத் தாங்க இரும்புத் தூண்களை அடித்தார்கள். பவளத்தின் அருமை மக்களுக்குத் தெரிய வேண்டாமா? அடியில் கண்ணாடி பதித்த படகுகள் வந்தன. திருடர்கள் வந்தால் தெரிய வேண்டாமா? ராத்திரி முழுக்க விளக்குகள் எரிந்தன. இது போதாதென்று கடலும் வருடா வருடம் சூடாகிக்கொண்டே வந்தது. அதற்கு அலுவலகம் கடும் ஆட்சேபம் தெரிவிக்கத் தயாராக இருந்தது, யாருடைய விலாசத்துக்கு அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.

"சார், உள்ள எல்லாம் வெள்ளையாயிட்டு வருது" என்றாள் கள அலுவலர் ஒருநாள்.

"நிறத்தைப் பத்திச் சட்டத்துல எந்தப் பிரிவும் இல்லம்மா" என்றார் பிரிவு.

ஒவ்வோர் ஆண்டும் அறிக்கை போனது. எல்லைக்குள் அனுமதியற்ற செயல் எதுவும் நடைபெறவில்லை என்று அதில் எழுதியிருக்கும். அது அப்பட்டமான உண்மை. நடந்த எல்லாவற்றுக்கும் அனுமதி இருந்தது.

இப்படி இருக்கையில், பவளத்தைக் காவல் காக்க அலுவலகத்துக்கு ஒரு ரோந்துப் படகு தரப்பட்டது. படகு நிற்க ஒரு துறை வேண்டும். துறைக்குப் படகு வந்து சேர ஆழமான வாய்க்கால் வேண்டும். வாய்க்கால் வெட்டத் தூர்வாரும் கப்பல் வேண்டும். துறைமுகப் பொறியாளர் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டு ஒரு கடிதம் அனுப்பினார். தாங்கள் வெட்டவிருக்கும் வாய்க்காலின் குறுக்கே கல் போன்ற ஒரு பொருள் தடையாக உள்ளது, அது பவளப்பாறை அலுவலகத்துக்குச் சொந்தமானதா, சொந்தம் என்றால் எல்லைக்கு வெளியே அதற்கு என்ன வேலை, சொந்தம் இல்லை என்றால் அகற்றிவிடலாமா என்று கேட்டிருந்தார்.

கள அலுவலர் போய் முங்கிப் பார்த்துவிட்டு ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"சார், அது அந்த நுனி. பவளம்தான். உயிரோட இருக்கு சார். இன்னும் வளர்ந்துக்கிட்டே இருக்கு. பழுப்பு, பச்சை, ஊதான்னு அவ்வளவு நிறம். மீன் குஞ்சுங்க அடைஞ்சு கிடக்கு."

"எல்லைக்கு வெளிய பவளம் இருக்க முடியாதும்மா" என்றார் பிரிவு. "பிரிவு மூணு என்ன சொல்லுது? பவளப்பாறைன்னா எல்லைக்குள்ள இருக்கிற பாறை. வெளிய இருக்கிறது பவளம் இல்ல."

"அப்ப அது என்ன சார்?"

"அனுமதி இல்லாத கட்டுமானம்."

"கட்டினது யாரு?"

"அதுதான் கட்டியிருக்கு. அதுவே உள்ள குடியும் இருக்கு. இன்னும் கட்டிக்கிட்டே இருக்குன்னு வேற நீயே சொல்ற. நம்ம கண்ணு முன்னாடியே ஆக்கிரமிப்பு பண்ணியிருக்கு."

கள அலுவலர் இயக்குநரைப் பார்த்தாள். இயக்குநர் நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா, அவர் இதை அப்படியே விட்டுவிடவில்லை. "இருந்தாலும் நோட்டீஸ் குடுக்காம யாரையும் வெளியேத்தக் கூடாதுங்க. அதுவும் தன் பக்கத்தைச் சொல்லட்டும்" என்றார்.

நோட்டீஸ் தயாரானது. 'மேற்படி இடத்தில் குடியிருப்பவர் இதனால் அறிவது யாதெனில்' என்று தொடங்கி, ஒரு மாதத்துக்குள் தாமாக முன்வந்து இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றும், தவறினால் அகற்றும் செலவு குடியிருப்பவரிடமே வசூலிக்கப்படும் என்றும் முடிந்தது. நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு செங்கல்லில் கட்டி, கள அலுவலர் கையில் கொடுத்தார்கள். அவள் அதைப் பவளத்தின் மேல் படாமல் பக்கத்து மணலில் வைத்துவிட்டு வந்தாள்.

மாதம் முடிந்தது. பதில் இல்லை.

"ஆட்சேபம் இல்லன்னு எடுத்துக்கலாம் சார்" என்றார் பிரிவு. "ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. நோட்டீஸ் கண்ணில் படும்படி வைக்கப்பட்டிருக்கான்னு இயக்குநரே நேரில் போய்ப் பார்க்கணும். விதியில எழுதியிருக்கு."

"எந்த மடையன் எழுதினான் இந்த விதியை?"

பிரிவு மேஜையைப் பார்த்தார். இயக்குநருக்கும் மெல்ல நினைவு வந்தது.

படகில் ஏறியதிலிருந்து அவர் கண்ணைத் திறக்கவில்லை. அந்த இடம் வந்ததும் கள அலுவலர் அவருக்கு நீர்க்கண்ணாடியை மாட்டி, பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, "முகத்தை மட்டும் தண்ணிக்குள்ள வையுங்க சார், நான் விட மாட்டேன்" என்றாள். அவர் வைத்தார். முதலில் நோட்டீஸ் தெரிந்தது. கண்ணில் படும்படிதான் இருந்தது. ஒரு சின்ன நண்டு அதன்மேல் ஏறி வாசகத்தைப் பரிசீலித்துக்கொண்டிருந்தது. பிறகு நோட்டீசுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தார்.

மான்கொம்பு மாதிரி கிளைகள், கிளைகளின் நுனியெல்லாம் ஊதா. அவற்றுக்கு நடுவில் நீல மீன்கள் ஒரே நேரத்தில் திரும்பின, ஒரே நேரத்தில் ஒளிந்தன, யாருடைய உத்தரவும் இல்லாமல் வெளியே வந்தன. இயக்குநருக்குத் தலை சுற்றவில்லை. தன் வாழ்நாளில் பாதிக்குமேல் எதைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

முகத்தைத் தூக்கினார். "ஏம்மா, எல்லைக்குள்ள இருக்கிறதும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இருந்துச்சு சார். நாம பாதுகாக்கிறதுக்கு முன்னாடி."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். இயக்குநர் மறுபடியும் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டார். வெளியே எடுத்தபோது கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அது எந்தத் தண்ணீர் என்று ஆராய்வது நம் வேலை இல்லை.

அன்று சாயங்காலம் அலுவலகத்தில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"எனக்கு ஓய்வு வரப்போகுது. அதுக்குள்ள அந்த ஒரு நுனியையாவது காப்பாத்தணும்" என்றார் இயக்குநர்.

"அதுக்கென்ன சார், எல்லையைக் கொஞ்சம் நகர்த்திப் பாதுகாப்புக்குள்ள கொண்டுவந்துரலாம்" என்றார் பிரிவு.

"வேண்டாம்" என்று இயக்குநரும் கள அலுவலரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பிரிவு திகைத்துப் போனார். பிறகு வெகுநேரம் யோசித்தார். அவரும் கல்நெஞ்சுக்காரர் இல்லை, நெஞ்சுக்குப் போகிற வழி அவரிடம் சற்றுச் சுற்றிப் போகும், அவ்வளவுதான்.

"அப்ப ஒரே ஒரு வழி இருக்கு சார். நம்ம வேலையில ஒரு பொருளை யாரும் தொடக் கூடாதுன்னா, அதைப் பத்தி ஒரு சந்தேகம் கேட்டுரணும்."

"என்ன சந்தேகம்?"

"அதை இவங்கதான் சொல்லணும். ஏம்மா, அந்தப் பவளம் உண்மையில என்ன? கல்லா?"

"கல்லைக் கட்டுறது ஒரு குட்டிப் பிராணி சார். அந்தப் பிராணியோட உடம்புக்குள்ள பாசி குடியிருக்கு. அந்தப் பாசி குடுக்கிற சாப்பாட்டுலதான் அது முக்கால்வாசி பிழைக்குது."

பிரிவின் முகம் மலர்ந்தது. "பிராணி, பாசி, கல். மூணு துறை சார். இதுக்கு மேல என்ன வேணும்?"

மறுநாளே கோப்பு கிளம்பியது. மேற்படி பொருள் பிராணியா, தாவரமா, கனிமமா என்று தெளிவுபடுத்தக் கோரி மூன்று துறைகளுக்கும் கடிதம் போனது. பிராணித் துறை, அதன் பெரும்பகுதி கல்லாக இருப்பதால் கனிமத் துறையை அணுகவும் என்றது. கனிமத் துறை, அது வளர்வதாகத் தெரிவதால் தாவரத் துறையை அணுகவும் என்றது. தாவரத் துறை, தாவரம் தானாக வீடு கட்டிக்கொள்வதில்லை என்று சுட்டிக்காட்டிப் பிராணித் துறைக்குத் திருப்பியது. கோப்பு ஒரு முழுச் சுற்று வந்ததும் பிரிவு அதைத் தடவிக் கொடுத்து, ஒரு புதிய சந்தேகத்தைச் சேர்த்து, மறுபடி அனுப்பினார்.

துறைமுகப் பொறியாளர் படியேறி வந்தார்.

"என்ன சார் இது, கப்பல் சும்மா நிக்குது."

"கேள்வி நிலுவையில இருக்குங்க" என்றார் பிரிவு.

"எப்ப முடியும்?"

"அது என்னன்னு தெரிஞ்ச உடனே முடிஞ்சிரும்."

"யாராவது போய்ப் பாத்துச் சொல்ல வேண்டியதுதானே?"

"தாராளமாப் பாக்கலாம். எந்தத் துறை பாக்கணும்கிறதுதான் கேள்வி."

பொறியாளரும் ஓர் அலுவலகத்தில் இருப்பவர்தான், அதனால் உள்ளூர ஒரு மரியாதை வந்துவிட்டது. கப்பலை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார். அனுமதி கேட்டு வந்த சுற்றுலாப் படகுக்காரர்களுக்கும் அதே பதில்தான். நிலுவையில் உள்ள பொருளை யாரும் பார்க்கக்கூட முடியாது.

பவளம் நன்றாக வளர்ந்தது. விளக்கு இல்லை, பலகை இல்லை, கட்டை இல்லை. மற்ற இடமெல்லாம் வெளுத்த வெயில் காலத்திலும் அந்த நுனி எப்படியோ தாக்குப்பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இயக்குநர் கள அலுவலரோடு போய்த் தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தார். நாளடைவில் போகிற வழியில் படகை அவரே ஓட்டவும் தொடங்கினார். அந்த அலுவலகம் தன் சரித்திரத்தில் முதல் தடவையாக ஒன்றைப் பாதுகாத்துக்கொண்டிருந்தது. அது வெளியே தெரியாமல் இருந்தவரைக்கும் எல்லாம் சரியாகவே நடந்தது.

தலையில் உப்போடும் முகத்தில் சிரிப்போடும் வீட்டுக்கு வருகிற புருஷனை எந்த மனைவி விட்டுவைப்பாள்? இயக்குநரின் மனைவி கேட்டாள். அவர் சொல்லிவிட்டார். ஊதா நுனிகளைப் பற்றியும் நீல மீன்களைப் பற்றியும் அவர் சொன்ன விதத்தில் அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலை, தன்னோடு நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களிடம் அதைச் சொன்னாள். அவர்களுக்கும் கண் கலங்கியது.

ஒரு வாரத்தில் பவள நேசர் மன்றம் உருவானது. அடுத்த வாரத்தில் ஊரே பவள நிறத்துக்கு மாறியது. பவள நிறச் சட்டை, பவள நிறப் பை, நகத்துக்குப் பவள நிறச் சாயம். தேநீர்க் கடைக்காரர் கோப்பைகளைக்கூட மாற்றிவிட்டார். பவளத்தைக் காப்போம் என்று எழுதிய பிளாஸ்டிக் வளையல் இல்லாத கை, மனசாட்சி இல்லாத கை என்று கருதப்பட்டது. அந்த வளையல்கள் பல அறுந்து, சாக்கடை வழியாகக் கடலுக்குப் போய், பவளத்தை நேரிலேயே சந்தித்தன.

பிறகு மன்றத்தார் விசாரித்தார்கள். கோப்பு இரண்டு வருடமாக நிலுவையில் இருப்பது தெரிந்தது. வந்தது பாருங்கள் கோபம். அலுவலக வாசலில் கூட்டம் கூடியது. 'தூங்கும் அதிகாரியே, எழுந்திரு' என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றது இயக்குநரின் மனைவி. மத்தியானம் அட்டையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, மாடியேறி வந்து அவருக்குச் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்துவிட்டு, திரும்பப் போய் அட்டையை வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் அவர் மெதுவாக ஆரம்பித்தார். "இங்க பாரு, அது நிலுவையில இருக்கிறதுதான் அதுக்கு நல்லது."

"ஏங்க, உங்களுக்கே இது நல்லாயிருக்கா?"

"உண்மையாத்தான் சொல்றேன். கோப்பு முடிஞ்சா எல்லாரும் அங்க போயிருவாங்க."

"போகாம எப்படிங்க அன்பு வரும்? பாத்துத்தானே உங்களுக்கே வந்துச்சு?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நீங்க எதைத்தான் முடிச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி. "சமையலறைக் குழாய் சொட்டுதுன்னு நான் சொல்லி எத்தனை வருஷம் ஆச்சு? விசாரிச்சுச் சொல்றேன், விசாரிச்சுச் சொல்றேன்னு அதையும் நிலுவையிலதான் வச்சிருக்கீங்க. அதுவும் குழாயோட நன்மைக்குத்தானா?"

இதற்கு மேல் எந்தச் சட்ட வல்லுநராலும் பேச முடியாது. அடுத்த அறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

மந்திரிக்கு மனு போனது. தாமதத்தைச் சகிக்காதவர் என்று பெயர் எடுத்த மந்திரி அவர். அதோடு அவர் வீட்டிலும் பவள நிறம் வந்துவிட்டது. மூன்று துறைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்தார். டீ ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. மேற்படி பொருள் மூன்று துறைகளுக்கும் கூட்டாகச் சொந்தமான பவளம், அது உடனடியாகப் பாதுகாக்கப்படும். பிராணித் துறை மிதவைகள் விடும், தாவரத் துறை விளக்குகள் போடும், கனிமத் துறை கான்கிரீட் கட்டைகளை இலவசமாகத் தரும். மக்கள் கண்டு மகிழப் பார்வை மேடை ஒன்று கட்டப்படும். மேடைக்குப் படகுகள் வர வாய்க்கால் வெட்டப்படும். துறைமுகப் பொறியாளர் கப்பலைத் திரும்ப வரவழைத்தார். வாசலில் கூட்டம் கைதட்டியது. மக்கள் சக்தியின் வெற்றி என்று எழுதினார்கள். அதுவும் உண்மைதான்.

திறப்பு விழாவும் இயக்குநரின் பணி ஓய்வு விழாவும் செலவு மிச்சம் கருதி ஒன்றாக, அந்தப் பார்வை மேடையிலேயே நடந்தன. மேடை தாங்குகிற அளவுக்கு மேல் கூட்டம். மன்றத்தார் அத்தனை பேரும் வெயிலுக்குப் பயந்து உடம்பெல்லாம் களிம்பு பூசிக்கொண்டு, திறந்ததும் இறங்கத் தயாராக நின்றார்கள். மந்திரி, தாமதம் என்ற அரக்கனை வென்றோம் என்று பேசினார். பிரிவு புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஓர் ஓரமாக நின்றார். நிலுவையில் ஒன்றும் இல்லாத கை அவருக்கு வெறுமையாக இருந்திருக்க வேண்டும், எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியாக நினைவுப் பரிசு. இயக்குநரின் மனைவிதான் மன்றத்தின் சார்பில் கொடுத்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள், மரப் பீடத்தின் மேல், மான்கொம்பு மாதிரி ஒரு பவளக் கிளை.

"உங்களுக்குப் பிடிக்கும்னு சொல்லிச் செய்ய வச்சேன்" என்றாள் மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கும்படி. அவள் முகத்தில் அத்தனை ஆசை.

கைதட்டல் அடங்கவில்லை. இயக்குநர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். கள அலுவலர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"சார், இது இன்னும் ஈரமா இருக்கு."

அவர் நிமிர்ந்து பிரிவைப் பார்த்தார். பிரிவு தொண்டையைச் செருமிக்கொண்டார். "பவளத்தை வச்சிருக்கிறது குற்றம்தான் சார், பிரிவு ஏழு. ஆனா அரசு விழாவுல குடுத்தது அன்பளிப்பு. வாங்கலைன்னா அது வேற குற்றம்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எல்லோரும் பெட்டியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நன்றாகச் சிரித்த முகங்கள். தேடினால் அதில் உங்கள் முகமும் என் முகமும் இருக்கும்.

இயக்குநர் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். அந்தக் கிளை நுனியில் இருந்த ஊதா ஒரு வாரம்கூட நிற்கவில்லை, வெள்ளையாகிவிட்டது. கடலுக்குள்ளே இருப்பதும் ஏறக்குறைய அதே நிறம்தான் என்று கேள்வி. கள அலுவலர் மட்டும் எப்போதாவது வந்து போகிறாள். போன மாதம் வந்தபோது, வடக்கே ரொம்ப தூரத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாவாக ஒன்று இருக்கிறது என்று அவர் காதில் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, இத்தனை சட்டம் இருந்தும் இப்படி அழிக்கிறார்களே என்று மனதார வருத்தப்படுகிறார்கள். வருத்தப்பட்டு முடித்ததும், "ரொம்ப அழகா இருக்குங்க, இந்த மாதிரி இன்னும் எங்கயாவது இருக்கா?" என்று கேட்கிறார்கள். மனைவியும் அவர் முகத்தைப் பார்க்கிறாள்.

"விசாரிச்சுச் சொல்றேன்" என்கிறார் இயக்குநர்.

இதுவரை சொல்லவில்லை. சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது.